கூரைக்குறி

பென்டில் ஹில் மசாலாக் கடையின் அறிவிப்புப் பலகையில்
2009 கொரோலா ஒன்றுக்கும்
சைவம் மட்டும் சமைக்கும் தனி ஆணுக்கான அறைக்கும் நடுவில்
ஒரு சாண் இடம் கிடைத்தது எனக்கு.
ஏழாம் ஆண்டு முதல் பன்னிரண்டாம் ஆண்டு வரை
ஆங்கிலம் சொல்லித்தரப்படும்.
முப்பது டொலர் என்று எழுதி, வெட்டி, இருபத்தைந்து.
கீழே பல் பல்லாய் வெட்டிய எட்டுச் சீட்டிலும்
என் தொலைபேசி இலக்கம்.
முதல் சீட்டை நானே கிழித்து ஜாக்கெட் பைக்குள் வைத்தேன்.
ஒருவரும் உட்காராத பந்தியில்
முதல் ஆளாய் உட்கார எல்லாருக்கும் கூச்சம்தானே.

இரவில் பார்சல் பிரிக்கும் வேலை.
அஞ்சல் எண்களை வாசித்து வாசித்து
பட்டத்துக்குப் படித்த இலக்கியம் முழுவதும்
நான்கு இலக்கமாய்ச் சுருங்கிப்போன மாதிரி இருக்கும்.
கையுறையோடு தொலைபேசியை எடுத்துப் பார்ப்பேன்.
அழைப்பு இல்லை.

இரண்டாம் கிழமை, பருப்பு வாங்கப் போனபோது
யாரோ என் அறிவிப்பைத் திருத்தியிருந்தார்கள்.
பச்சைப் பேனா.
மாணவரின் வீட்டுக்கே வருவேன் என்ற வரியில்
வீட்டுக்கு முன்னால் ஒரு கூரைக்குறி.
அதன் மேல், நான் விட்டுவிட்ட
ஆங்கிலத்தின் அந்த மூன்றெழுத்துக் குட்டிச் சொல்: 'த'.

காது சூடாகிவிட்டது.
காசு வாங்கும் பெண் பார்க்கிறாளா என்று பார்த்தேன்.
அவள் கறிவேப்பிலை நிறுத்துக்கொண்டிருந்தாள்.
கிழித்தெறியக் கை போனது. போய்த் திரும்பியது.
கூரை சரியான இடத்தில்தான் இருந்தது.

வியாழன் பின்னேரம் அழைப்பு.
"மிஸ், உங்கட நோட்டீசில பச்சைப் பேனாவால எழுதினது நான்.
அம்மா மன்னிப்புக் கேக்கச் சொன்னவ."
பின்னால் யாரோ உறுக்கும் சத்தம்.
"மற்றது, எனக்குக் கட்டுரை வருகுதில்லை."

மிதுஷா. ஒன்பதாம் ஆண்டு.
டூங்காபி, தண்டவாளத்துக்குப் பின்புறம், இரண்டாம் மாடி.
ரயில் போகும்போதெல்லாம் மேசையில் தேநீர் நடுங்கும்.
'பள்ளியில் கைத்தொலைபேசியைத் தடைசெய்யலாமா?'
தலைப்புக்குக் கீழே தாள் முழுதும் அழிறப்பர் துகள்.
ஒரு வாக்கியம் இல்லை.
எழுத முன்னமே திருத்திவிடுகிறாள்.
சொல் விரலுக்கு வருவதற்குள்
அதற்கு வழக்கு வைத்து, தீர்ப்பும் சொல்லியாயிற்று.

"தமிழில ஏன் மிஸ் 'த' இல்லை?"
"இருக்கு. ஒளிச்சிருக்கு."
வீடு வாங்கினேன் என்றால் ஏதோ ஒரு வீடு.
வீட்டை வாங்கினேன் என்றால்
நீயும் நானும் முன்னமே கதைத்த அந்த வீடு.
ஒற்றை ஐ.
உங்கட ஆட்கள் தலையில் தொப்பியாய்ப் போடுவதை
நாங்கள் வாலில் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

உங்கட ஆட்கள் என்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பையில் மிச்சமிருந்த அறிவிப்பு ஒன்றை எடுத்து
அதன் முதுகில் எழுதத் தொடங்கினேன்.
"முதல் பந்தி நான் எழுதுறன், பிழையோட.
நீ திருத்து. அடுத்த பந்தி உன்ர."
பச்சைப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.
வேட்டைக்குப் போகும் முகம்.
திருத்தி முடித்து, தலை தூக்காமல்,
அதே வேகத்தில் தன் தாளில் நாலு வரி
எழுதிவிட்டதை அவளே கவனிக்கவில்லை.
நான் மூச்சுக்கூட விடவில்லை.
ரயில் ஒன்று போனது.

அம்மா இருபத்தைந்தோடு இரண்டு ரோல்ஸ்
கடதாசியில் சுற்றித் தந்தார்.
படி இறங்குகையில், மாடி விளக்கின் கீழ்
அந்த அறிவிப்பின் முதுகை விரித்துப் பார்த்தேன்.
வேண்டுமென்றே நான் விட்ட பிழை மூன்று.
பச்சையில் இருந்தது ஐந்து.